கைப்பொறியும் பெயர்ப்பொறிப்பும்

நாம் கைக்கொள்ளும் பொருள்கள் இருதிறத்தன. ஒன்று, தச்சனும் குயவனும் தனித்தனியே செய்து தருவது. மற்றொன்று, ஆலையிலே ஒரே அச்சில் வார்க்கப்பெற்று வருவது. முன்னதற்குப் பிறப்பிலேயே ஒரு தனி முகம் உண்டு. பின்னதற்கு அஃது இல்லை. கடையில் அடுக்கிய நூற்றில் எதனை எடுப்பினும் ஒன்றே. அத்தகைய பொருளுக்குத் தனி முகம் எவ்வாறு வரும்? ஒருவர் அதனை நெடுநாள் ஆண்டால் வரும். அன்றி, அதன்மேல் எழுத்துப் பொறித்தாலும் வரும். இவ்விரண்டனுள் எது சிறந்தது? இரண்டும் ஒருங்கே நிற்றல் கூடுமோ? இவ்வினாக்களை என் உள்ளத்தே எழுப்பியது நூலன்று. ஒரு பழைய விளையாட்டுப் பொறி.

கேம் பாய் என்பது அதன் பெயர். ஜப்பான் நாட்டுக் கியோட்டோ நகரில் 1889-ஆம் ஆண்டு மலர்ச்சீட்டுகள் செய்யத் தொடங்கிய நிண்டெண்டோ நிறுவனம், நூறாண்டு கழித்து, 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் அதனை வெளியிட்டது. அதனை ஆக்கிய குழுவின் தலைவர் குன்பே யோகோய். விலைமிக்க புதுக்கருவிகளைத் தேடாது, பழகித் தேர்ந்து மலிந்த கருவிகளையே புதுவழியிற் பயன்படுத்தல் வேண்டும் என்பது அவர்தம் கோட்பாடு. ஆதலின், போட்டிப் பொறிகள் பின்னர் வண்ணத்திரையோடு வந்தனவாயினும், கேம் பாய் நால்வகை நிழல்களை மட்டுமே காட்டும் திரையோடு வந்தது. அத்திரையின் அகலம் 160 புள்ளிகள். உயரம் 144 புள்ளிகள். நான்கு சிறு மின்கலங்கள் அதற்கு நெடுநேரம் போதும். பின்வந்த கேம் பாய் கலரையும் கூட்டி 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேற்பட்ட பொறிகள் விற்பனையாயின. சாம்பல்நிற உறையோடு முதலில் வந்தவை யாவும் ஒரே முகத்தன.

அவற்றுள் ஒன்றினை என் தாய்மாமன் 1990-ஆம் ஆண்டில் யோகோஹாமாத் துறைமுகத்தே வாங்கினார். அவர் சரக்குக் கப்பலில் இயந்திர அறை ஊழியர். பணி மாறி வந்தபின் உறக்கம் வாராத இரவுகளில், மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டை அப்பொறியில் ஆடுவாராம். பணி ஓய்ந்து ஊர் திரும்பிய பின்னர் அதனை எனக்கும் ஆடக் கற்பித்தார். 2022-ஆம் ஆண்டு அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பொறி எங்கள் இல்லம் வந்து சேர்ந்தது.

வந்தபோது அது நலிந்திருந்தது. மின்கலம் கசிந்து இணைப்புத் தகடுகளிற் பச்சைக் கறை ஏறியிருந்தது. அதனைப் புளிக்காடியால் துடைத்தேன். திரையிற் சில நெடுங்கோடுகள் மறைந்திருந்தன. இது பழைய கேம் பாய்களுக்குப் பொதுநோய். திரையின் அடியில் ஒட்டியுள்ள இணைப்புப் பட்டை பிடிவிடுதலே அதன் காரணம். ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை அப்பட்டையின்மீது மெல்ல நகர்த்தக் கோடுகள் ஒவ்வொன்றாய் மீண்டன. ஆயின் உறையை என் செய்வது? மின்கல அறையின் மூலை பிளந்திருந்தது. ஞெகிழியும் ஆண்டு பல கடந்தமையால் மஞ்சள் பூத்திருந்தது.

அயல்நாடுகளில் இப்பொறிகளைப் புதுக்குவோர் பலர் உளர். அவர்கள் பழைய திரையை நீக்கி ஒளியுள்ள திரையை அமைப்பர், பொத்தான்களை மாற்றுவர், அலுமினியத்தைக் குடைந்து செய்த புதிய உறைகளை இடுவர், அவ்வுறைமீது லேசர் கொண்டு பெயரும் கோலமும் பொறிப்பர். இதனைக் கேள்வியுற்ற யான் பழைய உறையின்மீதே பொறித்தல் கூடுமோ என ஆராய்ந்தேன். அன்னையார் இசையவில்லை. “இடப்பக்கத்தைப் பார், தம்பி. உன் மாமாவின் கட்டைவிரல் பட்டுப்பட்டு அங்கே ஞெகிழி கண்ணாடிபோல ஆகிவிட்டது. அதன்மேல் வேறு எழுத்து எதற்கு?” என்றார்.

அச்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. 1990-91-ஆம் ஆண்டுகளின் வளைகுடாப் போரில் எரிந்து உருகிய கேம் பாய் ஒன்று, பின்னரும் இயங்கிய காரணத்தால், நியூயார்க் நகரத்து நிண்டெண்டோ கடையில் நெடுங்காலம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அவ்வுருகிய உறையை எவரும் மாற்றவில்லை. என்னை? அவ்வடுவே அதன் வரலாறு. மாமாவின் கட்டைவிரல் தேய்த்த மெருகும் அத்தகையதே. பதினாயிரம் முறை ஆடிய ஆட்டத்தின் சுவடு அது.

இனி, லேசரின் இயல்பைச் சிறிது நோக்குவோம். 1960-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் கலிபோர்னியாவில் தியோடர் மெய்மன் என்பார் மாணிக்கக் கோலைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். 1964-ஆம் ஆண்டில், நம் நாட்டுப் பாராமதியிற் பிறந்த குமார் படேல், அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடத்தே கரியமில வாயு லேசரைக் கண்டார். மரம், தோல், கண்ணாடி ஆகியவற்றில் எழுத்துப் பொறிக்க இன்று பெரிதும் பயன்படுவது அதுவே. உலோகங்கள் அதன் ஒளியைப் பெரும்பாலும் திருப்பிவிடுதலின், அவற்றிற்கு இழை லேசர் கொள்வர். கேம் பாயின் உறையாகிய ஏ.பி.எஸ். ஞெகிழியிலோ, மிகுவெப்பம் படின் எழுத்தின் ஓரம் உருகித் திரளும், நச்சுப்புகையும் எழும். எவ்வகை லேசராயினும் எழுத்து உண்டாவது மேற்பரப்பு அழிவதனாலோ மாறுவதனாலோ ஆம். மையெழுத்தைத் துடைக்கலாம்; வண்ணத்தைச் சுரண்டலாம்; ஒளி உண்ட பொருளை மீட்டல் இயலாது.

ஈண்டு எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. மீட்கமுடியாத செயலை, மீண்டும் பெறக்கூடிய பொருளின்மேற் செய்தலே முறை. பழைய உறைகள் இனி ஆலையினின்று வாரா. அவற்றின் தொகை குறையுமேயன்றிக் கூடாது. புதிய உறையோ வேண்டும்போது கிடைக்கும். ஆகவே பழைய உறையைக் கழற்றித் துணியிற் பொதிந்து அன்னையாரின் பெட்டகத்தே வைத்தோம். பொறியின் உள்ளுறுப்புக்களை நீலநிற அலுமினிய உறையில் அமைத்தேன்.

அவ்வுறையின் நிறம் பூசியதன்று. அலுமினியத்தை அமிலநீரில் இட்டு மின்னோட்டம் செலுத்தினால் நுண்டுளைகள் நிறைந்த ஒரு படலம் அதன்மேல் வளரும். அத்துளைகளிற் சாயத்தை ஊட்டி வாயடைப்பர். இழை லேசர் பட்ட இடத்தே அச்சாயம் அழிய, வெண்ணிற எழுத்துத் தோன்றும்.

விளையாட்டு விழாக்களுக்குக் கேடயங்களில் எழுத்துப் பொறிக்கும் கடை ஒன்றிற்கு உறையை எடுத்துச் சென்றேன். கடைக்காரர், “தம்பி, உங்கள் பெயர் என்ன?” என்று வினவினார். பொருளைக் கொணர்ந்தவன் பெயரையே பொறித்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. அஃது இயல்பே. நம் இல்லங்களில் பாத்திரங்களிற் பெயர் வெட்டுதல் உடைமையைக் காட்டத்தானே? கொடுமணலிலும் கீழடியிலும் அகழ்ந்தெடுத்த பானையோடுகளிலும் மாந்தர் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. கீழடியிற் கிடைத்தவற்றுள் ஆதன் என்னும் பெயரும் ஒன்று.

ஆயினும் யான் என் பெயரைக் கூறவில்லை. யாத்திராகமத்தின் 28-ஆம் அதிகாரத்தே பிரதான ஆசாரியனுடைய ஏபோத்தின் அமைப்புக் கூறப்படுகின்றது. அதன் தோள்களில் இரண்டு கோமேதகக் கற்கள்; ஒவ்வொன்றிலும் ஆறாறு பெயர்கள்; முத்திரை வெட்டுவதுபோல வெட்டப்பட்டவை. அணிபவன் ஆரோன்; ஆனால் அக்கற்களில் ஆரோனின் பெயர் இல்லை. அவன் யாவர் நினைவைத் தேவசந்நிதியிற் சுமக்கின்றானோ அவர்தம் பெயர்களே உள்ளன. பொருளை உடையவன் பெயர் வேறு. பொருள் சுமக்கும் பெயர் வேறு. யான் கடைக்காரரிடம் மாமாவின் பெயரை எழுதித் தந்தேன்.

அப்பெயர் நான்கெழுத்து, ஈற்றெழுத்து ஒற்று. கடைக்காரர் ஒரு வீண்தகட்டில் முதலிற் பொறித்துக் காட்டினார். எழுத்துச் சிறிதாயிருந்தமையின் ஒற்றின் புள்ளி கண்ணுக்குப் புலனாகவில்லை. மெய் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிட்டிலர். எழுத்தாணி ஓலையைக் கிழிக்கும் என்னும் அச்சமே அதற்குக் காரணம் என்பர். படிப்போர் அறிந்து படித்துக்கொண்டனர். இக்காலத்து ஒளியெழுத்தாணியிலும் அப்புள்ளியே இடர்ப்படுதல் கண்டு எனக்கு வியப்பு உண்டாயிற்று. புள்ளியை நிறைவட்டமாக்கிச் சிறிது பெரிதாக்கினோம். இரு கண்ணாடிகள் ஒளியை அசைத்துச் செலுத்த, மாமாவின் பெயர் ஒரு நிமிடத்திற்குள் உறையின் பின்புறத்தே வெண்மையாய் எழுந்தது.

ஒரு நிமிடத்திற் பிறந்த அவ்வெழுத்து, முப்பதாண்டு தேய்ந்த மெருகிற்கு ஈடாகுமோ? ஆகாது. ஆயினும் அம்மெருகின் பொருளை அறிந்தோர் அன்னையாரும் யானும் மற்றும் சிலருமே. எங்கட்குப்பின் அதனைக் காண்போர் தேய்ந்த ஞெகிழி என்றே கொள்வர். எழுத்தோ அறியாதார்க்கும் உரைக்கும். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாமாவின் பேரப்பெண், முதல் வகுப்பிற் பயில்பவள், அப்பொறியைத் திருப்பி எழுத்தெழுத்தாய்க் கூட்டிப் படித்து, “இது தாத்தா பேராச்சே!” என்றாள். அவள் தன் பாட்டனாரைக் கண்ட நினைவு இல்லாதவள்.

தேய்வு வாழ்ந்தோர் விட்டது. எழுத்து வருவோர்க்கு வைப்பது. முன்னதனை அழியாது காத்துப் பின்னதனை அருகே வைத்தலே தக்கது. பழம்பொருளைப் புதுக்க விழையும் தோழர்காள்! ஒளியை ஏவுமுன் இரண்டு வினாக்களை நும்மை நீரே வினவுமின்: இப்பரப்பு மீண்டும் கிடைக்குமோ? இதன்மேல் நிற்கத்தக்க பெயர் யாருடையது?