ஹெல்மட்டைக் கழட்டாதீங்கோ

மழை விட்டு ஒரு பத்து நிமிசம் இருக்கும். வெள்ளவத்தையில, சவோய் தியேட்டருக்குக் கொஞ்சம் தள்ளி, காலி வீதியைக் கடக்கிறதுக்காக நாங்கள் ஐந்து பேரும் நின்றுகொண்டிருந்தோம். முன்னால் ஒரு ஓட்டோ திடீரென்று நின்றது. பின்னால் வந்த சாப்பாட்டு டிலிவரி பைக் பிரேக் பிடிச்சு, வழுக்கி, எங்கட கண்ணுக்கு முன்னாலேயே விழுந்தது. பைக் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம், அண்ணா ஒரு பக்கம். பெட்டிக்குள்ள இருந்த கொத்து ரொட்டி ஈர ரோட்டில சிதறிக் கிடந்தது இன்னும் ஞாபகம் இருக்கு.

நாங்கள் ஓடினோம். அதை மட்டும்தான் பெருமையாகச் சொல்லலாம். அதுக்குப் பிறகு நாங்கள் செய்த எல்லாமே பிழை.

மூச்சு விடட்டும் எண்டு எங்களில் ஒருத்தன் அவருடைய ஹெல்மட்டைப் பிடிச்சு இழுத்துக் கழட்டினான். ஒருத்தி பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய்த் தண்ணிப் போத்தல் வாங்கிவந்து வாயில ஊத்தினாள். இரண்டு பேர் கமக்கட்டுக்குள்ள கை குடுத்துத் தூக்கி நடைபாதையில இருத்தினோம். ஐந்தாவது ஆள் போனைக் கையில வச்சுக்கொண்டு அப்பிடியே நின்றாள். எந்த நம்பருக்கு எடுக்கிறதெண்டு அவளுக்குத் தெரியேல்ல. எங்களுக்கும் தெரியேல்ல. கடைசியில் யாரோ ஒரு ஓட்டோவை மறிச்சு, ஆளை மடிச்சு உள்ளே வச்சார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டிருக்க, ஒரு கால் வெளியில் நீட்டிக்கொண்டிருக்க, ஓட்டோ போய்விட்டது.

அந்த அண்ணாவுக்கு என்ன நடந்தது எண்டு இண்டைக்கும் எங்களுக்குத் தெரியாது. பேர் கேக்கேல்ல. எந்த ஆஸ்பத்திரி எண்டும் தெரியாது. அன்றிரவு எங்கட வட்ஸ்அப் குரூப்பில் கொட்டாஞ்சேனை நண்பன் ஒரு கேள்வி போட்டான்: "நாங்க அந்தாளுக்கு ஹெல்ப் பண்ணினமா, இல்லாட்டி இன்னும் பாழாக்கினமா?" ஐந்து பேரும் பார்த்தோம். ஒருத்தரும் பதில் எழுதவில்லை.

வீட்டில் வேற மாதிரிக் கதை. எங்களில் ஒருத்தியின் அம்மா, விசயத்தைக் கேட்டவுடனே கேட்ட முதல் கேள்வி, "ஐசி நம்பர் எழுதினவங்களோ?" என்பதுதான். இன்னொருத்தனின் அப்பா, "பொலிஸ் கேஸ் எண்டா ஒதுங்கிப் போறதுதானே புத்தி" எண்டார். எங்களுக்குக் கோபம் வந்தது. ரோட்டில ஒரு மனுசன் கிடக்கிறான், இவைக்கு ஐசி நம்பர்.

பிறகுதான் யோசிச்சோம். இந்த அம்மாமாரும் அப்பாமாரும் இதே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வாழ்ந்தவர்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறத்தில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்கள் முன்னூற்றுக்கும் அதிகமானோரை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை போடும் வரைக்கும் அதைக் கேட்க ஆளில்லை. அப்படிப்பட்ட காலத்தில், கூட்டம் கூடுகிற இடத்தில் நிற்காதே, ஒண்டுக்கும் சாட்சியாகாதே, பேரைக் கொடுக்காதே என்பதெல்லாம் உயிரைக் காப்பாற்றின பாடங்கள். போர் முடிஞ்சு இவ்வளவு காலமாகியும் அந்தப் பாடம் அவர்களின் உடம்பில் இருக்கு. கொஞ்சம் எங்கட உடம்பிலும் இருக்கு. ரோட்டில் இரத்தத்தைக் கண்டால் ஒரு கால் முன்னுக்குப் போகுது, மற்றக் கால் பின்னுக்கு இழுக்குது.

ஆனால் அதே சனம்தான் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடிச்சபோது காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடினது. அன்று நாரஹேன்பிட்டி இரத்த வங்கியில் குருதி கொடுக்க வரிசையில் நின்றதும் சாதாரண சனம்தான். ஆகவே எங்கட சனத்துக்கு மனசு இல்லை எண்டு யாரும் சொல்ல ஏலாது. மனசு இருக்கு. என்ன செய்யவேணும் எண்டுதான் தெரியாது. பயமும் இருக்கு.

பயத்துக்கு உடனே மருந்தில்லை. தெரியாததுக்கு இருக்கு. இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கம், சென். ஜோன்ஸ் அம்பியூலன்ஸ் போன்ற அமைப்புகள் முதலுதவிப் பயிற்சிகள் நடத்துகின்றன. நாங்களும் ஒரு வகுப்பில் சேர்ந்தோம். படிப்பிச்சவர் ஓய்வுபெற்ற ஒரு தாதி; நாங்கள் "மிஸ்" எண்டுதான் கூப்பிடுவோம். முதல் நாளே எங்கட கதையைச் சொன்னோம். மிஸ் திட்டவில்லை. "நீங்க செஞ்சதைத்தான் பிள்ளைகள் இந்த நாட்டில எல்லாரும் செய்றாங்க" எண்டு சொல்லிவிட்டு, ஒவ்வொண்டாக எடுத்து விளங்கப்படுத்தினார்.

முதலாவது, ஹெல்மட். விழுந்த வேகத்தில் கழுத்தெலும்பு முறிஞ்சிருக்கலாம். ஆனால் உள்ளே ஓடுகிற முண்ணாண் இன்னும் அறாமல் இருக்கலாம். ஹெல்மட்டை இழுக்கும்போது கழுத்து வளைந்தால், அந்த மிச்சமும் போய்விடும். மனுசன் நடக்கிறதும் நடக்காததும் எங்கட கையில் வந்து நிற்கும். ஆகவே மூச்சு வந்துகொண்டிருந்தால் ஹெல்மட் அப்படியே இருக்கட்டும்; முன்கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிடவேணும். தலைமாட்டில் முழங்காலில் இருந்து, இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடிச்சுக்கொள்ள வேணும். மூச்சே இல்லை, ஹெல்மட்டால் வாய்ப்பக்கம் போக ஏலாது எண்டால்தான் கழட்டுறது. அதுவும் இரண்டு பேர்: ஒருத்தர் கீழே இருந்து கழுத்தையும் தாடையையும் தாங்க, மற்றவர் மெல்ல மெல்ல உருவவேணும்.

இரண்டாவது, தண்ணி. அரை மயக்கத்தில் இருக்கிறவருக்குத் தண்ணி சுவாசக்குழாய்க்குள் போகும். சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் வெறும் வயிறு முக்கியம். "தாகமெண்டு கேட்டாலும் உதட்டை நனைச்சு விடுங்கோ, அவ்வளவுதான்" எண்டார் மிஸ்.

மூன்றாவது, தூக்கி இருத்துறது. வாகனம் வந்து ஏறும், பெற்றோல் பத்தும் எண்டு ஆபத்து இருந்தால் ஒழிய, விழுந்தவர் விழுந்த இடத்திலேயே இருக்கட்டும். அவரை நகர்த்துவதற்குப் பதிலாக வாகனங்களை மறிக்கவேணும். பைக்கின் சாவியைத் திருப்பி எஞ்சினை நிற்பாட்டவேணும்.

நான்காவது, இரத்தம். சுத்தமான துணியை வச்சு அழுத்தவேணும். கையுறை இல்லாட்டி ஒரு சொப்பிங் பேக்கைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். நின்றுவிட்டதா எண்டு இடையில் தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது. துணி நனைஞ்சால் அதுக்கு மேலேயே இன்னொரு துணி.

ஐந்தாவது, நம்பர். 1990. சுவசெரிய அம்பியூலன்ஸ், காசு இல்லை. 2016இல் இந்திய உதவியோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பிறகு நாடு முழுக்கப் போன சேவை. எந்த வீதி, கிட்ட என்ன கடை, என்ன கோயில், எத்தனை பேருக்குக் காயம், மூச்சு வருதா எண்டு சொல்லவேணும். அவர்கள் வைக்கச் சொல்லும் வரைக்கும் போனை வைக்கக் கூடாது.

மூச்சு இல்லாட்டி நெஞ்சின் நடுவில் நிமிசத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து ஆறு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்தவேணும். பொம்மையில் செய்யும்போதே இரண்டு நிமிசத்தில் எங்களுக்குக் கை விறைச்சுப் போனது. அதனால்தான் ஆள் மாறி ஆள் செய்யவேணும் எண்டு மிஸ் சொன்னார்.

கடைசியாகச் சொன்னதுதான் எங்களை உலுக்கினது. விழுந்தவர் எழும்பி, தூசி தட்டி, "ஒண்டும் இல்லை" எண்டு சொன்னாலும் நம்பிவிடக் கூடாது. மண்டைக்குள் இரத்தம் கசிஞ்சால் கொஞ்ச நேரம் நல்லாக் கதைச்சுவிட்டு, பிறகுதான் தலையிடி, சத்தி, நித்திரை தூங்குகிற மாதிரி மயக்கம் எண்டு வரும். அப்படிப்பட்டவரைத் தனியே பைக்கில் அனுப்பக் கூடாது.

வகுப்பு முடிய நாங்களே இன்னொரு வீட்டுப்பாடமும் செய்தோம். கொழும்பு ரோட்டில் கூடுகிற கூட்டத்துக்குத் தமிழில் கத்தி வேலையில்லை. சிங்களத்தில் மூன்று வசனம் பாடமாக்கினோம். "ஹெல்மட் எக்க கலவன்ன எபா", கழட்டாதீங்க. "வத்துர தென்ன எபா", தண்ணி குடுக்காதீங்க. "மல்லி, ஹெல்லென்ன எபா", தம்பி, அசையாதே.

அந்த வசனங்கள் தேவைப்பட்டது இந்த வருசம், கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில். ஞாயிற்றுக்கிழமை. பார்க் பண்ணியிருந்த வேனின் கதவு திடீரெனத் திறக்க, பைக்கில் வந்தவர் அதில் மோதி விழுந்தார். எங்களில் மூன்று பேர் அங்கே. அவருக்கு நினைவில்லை. மூச்சு இருந்தது, குறட்டை மாதிரி. ஒருத்தி தலையைப் பிடிச்சாள். ஒருத்தன் 1990க்கு எடுத்தான். மற்றவன் முழங்காலில் வழிஞ்ச இரத்தத்தில் தன்ட சேர்ட்டை வச்சு அழுத்தினான்.

சனம் கூடியது. பல கைகள் ஹெல்மட்டை நோக்கி வந்தன. நாங்கள் மூன்று வசனத்தையும் கத்தினோம். கொஞ்சப் பேர் நின்றார்கள். ஒரு அங்கிள் நிற்கவில்லை. தமிழில்தான் கத்தினார்: "ஆள் மூச்சுத் திணறிச் சாகுது, நீங்க பார்த்துக்கிட்டு இருக்கீங்களா? ஓட்டோவில ஏத்துங்கடா!" எங்களுக்குக் கை நடுங்கியது. வெள்ளவத்தையில் நாங்களும் அந்த அங்கிள்தானே. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அந்தப் பையன் மேல் இரக்கம்; அந்த இரக்கத்தை மறிச்சுக்கொண்டு நிற்கிற எங்களைப் பார்த்தால் கல்நெஞ்சக்காரர் மாதிரித்தான் தெரியும். "அங்கிள், கழுத்து உடைஞ்சிருந்தா நடக்கவே மாட்டார். அம்பியூலன்ஸ் வருது. நீங்க அந்தப் பக்கம் வாகனத்த மறிங்க, ப்ளீஸ்" எண்டு கெஞ்சினோம். ஒரு கணம் முறைச்சுப் பார்த்தார். பிறகு போய் ரோட்டுக்கு நடுவில் நின்று, இரண்டு கையையும் விரிச்சு, பஸ்ஸையே மறிச்சார்.

அம்பியூலன்ஸ் வர பதினொரு நிமிசம். எங்கட வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பதினொரு நிமிசம் இருந்ததில்லை. இறங்கி வந்தவர் கழுத்துப் பட்டியைப் போட்டுக்கொண்டே, ஹெல்மட்டை யாராவது அசைச்சீங்களா எண்டு சிங்களத்தில் கேட்டார். "நே" எண்டோம். "ஹரி" எண்டார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை மாசம் காத்திருந்தோம் போலிருந்தது.

பொலிஸும் வந்தது. பேர், ஐசி நம்பர் எழுதினார்கள். எழுதினதை வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டு, விளங்கின பிறகு கையெழுத்து வச்சோம். இருபது நிமிசம். வானம் இடிஞ்சு விழவில்லை. ஆனாலும் அந்தப் பயத்தைப் பொய் எண்டு நாங்கள் சொல்லமாட்டோம். இந்தியாவிலும் இதே பயம் இருந்தபடியால்தான், உதவி செய்கிறவரைப் பாதுகாக்கும் வழிகாட்டல்களை 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்று, 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ எண்டு ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கின 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்தில் சிக்கினவருக்கு முதல் 48 மணித்தியாலச் சிகிச்சையை இலவசமாக்கினது. எங்கட அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை எப்பவும் இலவசம். எங்கட சனத்தைத் தடுப்பது காசு இல்லை. உதவி செய்தவனை ஒருத்தரும் அலைக்கழிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் இல்லை.

உலகத்தில் 5 வயது முதல் 29 வயது வரையானவர்களை அதிகமாகக் கொல்வது வீதி விபத்துத்தான் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதாவது எங்களை. இந்தச் சின்ன நாட்டில் வருசத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ரோட்டில் சாகிறார்கள். அதில் பெரிய பங்கு மோட்டார் சைக்கிள்காரர். உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹெல்மட் மரண ஆபத்தைச் சுமார் 42 வீதமும் தலைக்காயத்தைச் சுமார் 69 வீதமும் குறைக்குது. அது அவர்கள் போடவேண்டியது. அதைக் கழட்டாமல் விடுவது எங்கட பங்கு.

ஐந்து பேரின் பையிலும் இப்ப ஒரு சோடிக் கையுறை, ஒரு சுத்தமான துணி இருக்கு. போனில் 1990 இருக்கு. ஐசி நம்பர் கேட்ட அம்மாதான் அந்தத் துணியைத் தோய்ச்சு, மடிச்சு வைப்பார்.

காலி வீதியில் டிலிவரி பைக்குகளைக் காணும்போதெல்லாம் இப்பவும் ஹெல்மட்டுக்குள்ள இருக்கிற முகத்தைத் தேடுகிறோம். அந்த அண்ணாவாக இருக்குமோ எண்டு. இன்னும் காணவில்லை.