தோலும் விஷமும்

செங்கல்பட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இருளர்களைத் தெரியாமல் இருக்காது. எங்கள் வயலுக்கும் ஒரு பெரியவர் வருவார். புழுதியில் தடம் பார்த்தே எந்த வளையில் எலி, எந்த வளையில் பாம்பு என்று சொல்லிவிடுவார். எலி அவர் வீட்டுச் சமையலுக்கு. சாரைப்பாம்பின் தோல் வியாபாரிக்கு. கைப்பையாகவும் பெல்ட்டாகவும் சீமைக்குப் போன அந்தத் தோலுக்கு அவருக்குக் கிடைத்தது சில்லறைதான்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றது. நியாயமான தடைதான். எலி தின்னும் சாரையைத் தோலுக்காகக் கொன்றால் நெல் எப்படி மிஞ்சும்? ஆனால் "தெரிஞ்ச தொழில் இது ஒண்ணுதான் சாமி, இனிமே இன்னா பண்றது?" என்று அவர் கேட்டபோது அப்பாவிடம் பதில் இல்லை.

1978-ல் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றிலிருந்து விஷம் எடுத்து, பாம்புகளை மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடிக்கு மருந்து செய்ய அந்த விஷம் போகிறது. 2023-ல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. செய்தியைப் படித்து வெகுநேரம் சந்தோஷமாக இருந்தேன்.

ஒன்று மட்டும் தோன்றுகிறது. ஒரு தொழிலைத் தடை செய்கிறவர்கள், அதை நம்பி அடுப்பு எரிகிற வீட்டுக்கு மாற்று வழியையும் அன்றைக்கே சொல்ல வேண்டும். இடைப்பட்ட வருஷங்களில் அந்த வீடுகளில் என்ன சமைத்திருப்பார்கள்?