மொரிஸ் மைனருக்கு எந்த இலக்கம்?

கற்பிட்டியில் என் மைத்துனரிடம் 1961ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்று இன்றும் ஓடுகிறது. அதன் முன்சில்லுகளுக்கு பிரேக் ஷூ தேவைப்பட்டது. கொழும்பிலுள்ள கடையொன்று எஞ்சின் இலக்கத்தைக் கேட்டது. அது '10எம்ஏ' என்று தொடங்கியதால் எட்டு அங்குல டிரம்முக்குரியதை அனுப்பிவிட்டார்கள். காரில் இருப்பதோ ஏழு அங்குலம்.

1948 முதல் 1971 வரை தயாரான இந்தக் கார் வெளியே அதிகம் மாறவில்லை, உள்ளேதான் மாற்றமெல்லாம். 1956இல் 948 சிசி எஞ்சின் வந்தது. 1962இல் 1098 சிசி. அத்தோடு முன் பிரேக்கும் பெரிதானது. '10எம்ஏ' அந்த 1098க்கான குறி. இலங்கையிலோ எஞ்சின் மாற்றாத பழைய காரைக் காண்பது அரிது!

ஆகவே, எஞ்சின் பாகங்களுக்கு மட்டுமே எஞ்சின் இலக்கம். பிரேக்குக்குக் கேட்க வேண்டியது கார் இலக்கம். கம்பனியின் உதிரிப்பாகப் பட்டியலில், எந்தக் கார் இலக்கத்திலிருந்து பாகம் மாறியது என்று குறித்திருப்பார்கள். பொனட்டின் கீழே அதற்கொரு தகடு உண்டு. கற்பிட்டியின் உப்புக்காற்று அதைத் தின்றுவிட்டது. பதிவுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதியனுப்பினோம்.

மைத்துனர் அதையும் முழுதாக நம்பவில்லை. இடையில் எவராவது பிரேக்கையும் மாற்றியிருந்தால்? டிரம்மைக் கழற்றி அளந்தார். ஏழு அங்குலமேதான்.