ஒலிவாங்கி சொல்லும் சாட்சியம்

கீழக்கரையிலிருந்து இராமேஸ்வரம் வரை, நம் கடற்கரையோர ஊர்களில் பள்ளிவாசல்கள் பல புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. தரைக்குப் பளிங்கு, சுவருக்கு டைல்ஸ், சன்னலுக்குக் கண்ணாடி என எங்கும் பளபளப்பு. அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் பணி முடிந்த பின்னர், முதியோரிடமிருந்து ஒரே குறை திரும்பத் திரும்ப எழுகிறது. மஃரிபுக்குப் பின் நடைபெறும் பயானில் ஓசை காதை நிறைக்கிறது. சொல் மட்டும் விளங்கவில்லை என்கின்றனர்.

உடனே எவரேனும் ஒருவர் கைப்பேசியை எடுத்து, செயலி ஒன்றைத் திறந்து, “80 டெசிபல் காட்டுகிறதே, இன்னும் என்ன வேண்டும்?” என்று கேட்கிறார். வேறொருவர் மேலும் நான்கு ஒலிபெருக்கிகள் வாங்கலாம் என்கிறார். செலவாவதோ ஜமாஅத்தின் பணம். குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்தி மௌனமாயிருக்க வேண்டும் என்பது இறைக்கட்டளை. அவ்வாறு செவிதாழ்த்தியும் சொல் விளங்காமற்போனால், அக்குறையைச் சிறிதென்று எண்ண இயலாது. ஆகவே ஒலிவாங்கி தரும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது நம் பள்ளிகளுக்கு அவசியமான கேள்வி.

செய்தி ஒன்று வந்தால், அதனைக் கொண்டுவருபவர் யாரெனப் பார்த்துத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளரிடம் இரு பண்புகளைத் தேடினர். ஒன்று ‘அதாலத்’ என்னும் நேர்மை. மற்றொன்று ‘ளப்த்’ என்னும் துல்லியம். நேர்மையாளராக இருந்தும் துல்லியம் குறைந்தவருடைய அறிவிப்பை அவர்கள் தயங்கியே ஏற்றனர். கருவிக்குப் பொய்யுரைக்கும் எண்ணம் கிடையாது. அதனிடம் நாம் ஆராய வேண்டியது துல்லியத்தை மட்டுமே.

எகிப்தின் காழியாக விளங்கிய இப்னு லஹீஆ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 174-இல் வஃபாத்தானவர். அவருடைய நூல்கள் தீக்கிரையாயின. அதற்கு முன்னர் அவரிடம் கேட்டவர்களின் அறிவிப்பையும், பின்னர் கேட்டவர்களின் அறிவிப்பையும் அறிஞர்கள் பிரித்தே எடைபோட்டனர். ஒலிவாங்கிக்கும் இத்தகைய முன்னும் பின்னும் உண்டு. ஈரமும் உப்பும் கலந்த நம் கடற்காற்றில் கிடந்த பிறகும், ஒருமுறை கீழே விழுந்த பிறகும் அதன் உணர்திறன் மாறக்கூடும். அதனால்தான் அளவீட்டாளர்கள் பணிக்கு முன்னும் பின்னும், 94 டெசிபல் ஓசையைப் பிசகாமல் எழுப்பும் சிறு கருவியொன்றை ஒலிவாங்கியின் வாயில் பொருத்திச் சரிபார்க்கின்றனர். கைப்பேசிகள் பெரும்பாலும் இச்சோதனைக்கு உட்படுவதில்லை. பேச்சைத் தெளிவாக்குவதற்காக ஓசையைத் தாமாகவே கூட்டியும் குறைத்தும் கொள்ளும் ஏற்பாடும் அவற்றில் உண்டு. 3 டெசிபல் வேறுபாடு என்றால் ஓசையின் ஆற்றல் இருமடங்காகிறது என்று பொருள். எனவே சிறு பிசகும் சிறிதன்று.

கருவி சரியாயிருப்பினும், அறை எந்நிலையில் இருந்தது என்ற கேள்வி எஞ்சுகிறது. 1895-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபமொன்றில் பேச்சு விளங்கவில்லை என்ற குறை எழுந்தது. அதனை ஆராயும் பணி வாலஸ் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. வெற்று மண்டபத்தில் ஓசை அடங்குவதற்கு ஐந்தரை விநாடி ஆயிற்று. அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து அடுக்க அடுக்க, அந்நேரம் சுருங்கியது. அவரிடம் ஒலிவாங்கி இல்லை. ஆர்கன் குழாய், நேரங்காட்டி, தம் செவி ஆகியவற்றைக் கொண்டு இரவு நேரங்களில் அளந்தார். ஓசையை உள்ளிழுக்கும் திறனுக்கு அவர் வகுத்த அலகு, திறந்த சன்னல். வெளியே சென்ற ஓசை திரும்புவதில்லை என்பதே அதன் காரணம்.

அவருடைய சூத்திரம் எளியது. அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, உள்ளிழுக்கும் மொத்தப் பரப்பால் வகுத்தால், ஓசை 60 டெசிபல் தணிவதற்கான நேரம் கிடைக்கும். 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள ஒரு பள்ளியைக் கொள்வோம். பளிங்கும் பூச்சும் தம்மீது படும் ஓசையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கையே விழுங்கும். சன்னல்களை மூடிய வெற்றுப் பள்ளியில் ஏறக்குறைய 10 விநாடி வரும். 20 சதுர மீட்டர் அளவுக்குச் சன்னல்களைத் திறந்தால் அது 6 விநாடிக்குள் இறங்கும். ஜும்ஆவுக்கு 400 பேர் நிறைந்தால் ஒன்றேகால் விநாடியளவுக்கு வந்துவிடும். இது தோராயக் கணக்கே. எனினும் ஒரே பள்ளி, ஒரே ஒலிவாங்கி, மூன்று விடைகள்; மூன்றும் மெய்யே! வெள்ளிக்கிழமை அளந்தவர் குறையேதுமில்லை என்பார். இரண்டு ஸஃப்பு மட்டுமே இருக்கும் மஃரிப் பயானின் நிலை அந்த எண்ணில் இராது.

மூன்றாவது கேள்வி, ஒலிவாங்கி நின்ற இடம் பற்றியது. மண்டபங்களை அளக்கும் சர்வதேச முறையில், நாற்காலியில் அமர்ந்தவரின் செவி மட்டமான 1.2 மீட்டர் உயரத்தில் அதனை வைக்கின்றனர். நாமோ பயானைத் தரையில் அமர்ந்து கேட்கிறோம்; தொழுகையில் நிற்கிறோம். எனவே நம் பள்ளியில் இரு உயரங்களிலும் அளப்பதே பொருத்தம். சுவரை ஒட்டி வைத்தால் எதிரொலி கூடி எண் மாறும். கீழக்கரையின் பழைய பள்ளிகளில் காணும் தடித்த கற்றூண்களுக்குப் பின்னால் வைத்தால், உயர்சுருதி ஓசைகள் மறைபடும். கடற்காற்று நேரே மோதினால், காற்றின் இரைச்சலையே கருவி ஓசையென்று பதியும். அதற்குப் பஞ்சுறை வேண்டும். மின்விசிறிகளின் இரைச்சலோ, தேய்ந்து மறையும் ஓசையின் வாலை மூடிவிடும். ஒரு செய்தி பல வழிகளில் வந்து ஒத்திருந்தால் அது வலுப்பெறுகிறதல்லவா? அவ்வாறே பல இடங்களில், பலமுறை அளந்து ஒப்புநோக்க வேண்டும்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் இறுதியாக ஒன்று உண்டு. டெசிபல் என்பது ஓசையின் வலிமை. சொல்லின் தெளிவு அன்று. எதிரொலி மிகுந்த பள்ளியில் ஒலிபெருக்கியைக் கூட்டினால் பேச்சோடு எதிரொலியும் சேர்ந்தே வளரும். முன்னைய எழுத்தின் எதிரொலி பின்னைய எழுத்தை மூடும். எண் உயரும், விளக்கம் உயராது. தெளிவை 0 முதல் 1 வரை மதிப்பிடும் தனி அளவீடு உண்டு, அதில் 0.6-க்கு மேற்பட்டதே நல்லது. ஒலியமைப்பாளரிடம் நிர்வாகிகள் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

ஆகவே கருவி வாங்குமுன், மக்கள் குறைவாக இருக்கும் வேளையிலும் நிறைந்த வேளையிலும் அளக்கச் செய்யுங்கள். விசிறி ஓடும்போதும் நின்றபோதும் அளக்கட்டும். கடைசி ஸஃப்பில் அமரும் முதியவரிடம், சொன்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லும்படி கேளுங்கள். அவரும் ஒரு சாட்சியே. பல வேளைகளில் தடித்த கம்பளமும், பின்சுவரில் கனத்த திரையும், கேட்போருக்கு அருகில் மெதுவாக ஒலிக்கும் சிறு ஒலிபெருக்கிகளும் போதுமானவையாக அமையும். ஜமாஅத்தின் பணம் அமானிதம். மார்க்கத்தின் சொல் அதனினும் பெரிய அமானிதம். இரண்டையும் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக. ஆமீன்.