விலை பேசப் பழகுவோம்

திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி வீதியில் இருக்கிறது சாம்பல்தீவு. இங்கிருந்து உப்புவெளி ஹோட்டல்களுக்கும் நகரத்துக் கடைகளுக்கும் வேலைக்குப் போகும் பெண்களுக்கு சைக்கிள் ஆடம்பரமல்ல. யுத்தத்தில் கணவரை இழந்தவர்களும், காணாமற்போனவரை இன்னும் தேடுபவர்களும் பழைய சைக்கிளைத்தான் வாங்க முடிகிறது. விற்பவரோ பெரும்பாலும் முன்பின் தெரியாத ஓர் ஆண். முன்பு அப்பாவோ அண்ணனோ கணவரோ பேசிய விலையை இன்று இவர்களே பேசவேண்டியிருக்கிறது.

சமூகப் பணியாளர் என்ற வகையில் நானும் பலருடன் துணைக்குப் போயிருக்கிறேன். ஒருமுறை சீட்டுக்காசு எடுத்த அக்கா ஒருவருடன் போனேன். விற்பவர் 18,000 ரூபா கேட்டார்.

“வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ? கூட்டிக்கொண்டு வாங்கோ, பேசுவம்” என்றார்.

அக்கா அதற்குப் பதில் சொல்லவில்லை. சைக்கிளைத் தூக்கிப் பின்சில்லைச் சுழற்றினார்.

“சில்லு ஆடுது அண்ணை. ரெண்டு ரயரும் மாத்தவேணும். அந்தக் காசைக் கழிச்சுச் சொல்லுங்கோ.”

அவர் ஆயிரம் ரூபா குறைத்தார். “யோசிச்சுப்போட்டு வாறன்” என்று அக்கா நடக்கத் தொடங்கினார். படலையைத் தாண்டுமுன் அவரே கூப்பிட்டார். 14,500 ரூபாவுக்கு முடிந்தது.

அக்கா குரலை உயர்த்தவில்லை. தன் கஷ்டத்தைச் சொல்லி இரக்கமும் கேட்கவில்லை. கஷ்டத்தைச் சொன்னால் விலை குறையும் என்று எங்களில் பலர் நினைக்கிறோம். அந்நியரிடம் “எனக்கு ஒருவருமில்லை” என்று சொன்னால் குறைவது எங்கள் பாதுகாப்புத்தான். குறையைச் சைக்கிளில் காட்டவேண்டும், எங்கள் வாழ்க்கையில் அல்ல.

அதற்கு ஆயத்தம் வேண்டும். ரயர், ரியூப், செயின் மாற்ற எவ்வளவு செல்லும் என்று சைக்கிள் திருத்தும் கடையில் முதலே விசாரியுங்கள். இதற்கு மேல் கொடுப்பதில்லை என்று ஒரு தொகையை வீட்டிலேயே தீர்மானியுங்கள். பகலில், இன்னொரு பெண்ணுடன், ஆட்கள் நடமாடும் இடத்தில் சந்தியுங்கள். மொழி தெரியாவிட்டால் விலையைக் கடதாசியில் எழுதிக் காட்டலாம்.

லேடீஸ் சைக்கிள்தான் வேண்டும் என்றும் நிற்கவேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில், தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வரவே ஆண்களின் சைக்கிளை ஓட்டினார்கள். அதன் பாரில் பிள்ளையை இருத்திக்கொண்டு போகலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

மிக மலிவாகக் கிடைத்தால் கவனம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது பழைய சைக்கிளுக்கும் விலை ஏறியது. அப்படியான காலங்களில் களவெடுத்த சைக்கிளும் விற்பனைக்கு வரும். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, தனக்கு உரிமையில்லாத பொருளை ஒருவர் விற்றால், வாங்குபவருக்கும் பொதுவாக உரிமை கிடைக்காது. சைக்கிளும் போகும், காசும் போகும். ஆகவே பிறேமில் பொறித்திருக்கும் இலக்கம், விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொகை, திகதி எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து வைக்கப் பின்வாங்குபவரிடம் வாங்கவே வேண்டாம்.

சகோதரிகளே, விலை பேசுவது வாய்க்காரிகளின் வேலை அல்ல. விபரம் அறிந்து, அமைதியாகக் கேட்டு, சரிவராவிட்டால் திரும்பி நடப்பதுதான் அது. சைக்கிளுக்குப் பேசிப் பழகியவர் நாளை வீட்டு வாடகைக்கும் தன் கூலிக்கும் பேசுவார்.