யந்திரம் பொய் சொல்லாதா?

நம்மவரிடையே ஒரு புதுப் பழமொழி வழங்கத் தலைப்பட்டிருக்கிறது. "யந்திரம் பொய் சொல்லாது" என்பதே அது. வங்கியில் கணக்கு மாறி நின்றாலும், கடையில் நிறை குறைந்தாலும், வைத்தியசாலையில் நோயாளி "எனக்கு என்னவோ செய்கிறது" என்று முறையிட்டாலும், இந்த ஒரு வாக்கியத்தைக் கூறி வாயை அடைத்துவிடுகிறார்கள். முன்னே "பெரியோர் சொன்னார், ஆகையால் உண்மை" என்றார்கள். அதைக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட நாம், பெரியோர் இருந்த பீடத்தில் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்துக் கும்பிடத் தொடங்கியிருக்கிறோம். இது அறிவு வளர்ச்சியாகுமா என்பதே என் கேள்வி.

யான் விஞ்ஞானியல்லன், வைத்தியனுமல்லன். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. ஆங்கிலப் பள்ளியிற் படித்தவன் என்பதனால், வைத்தியசாலைக் கடிதமாயினும், கைப்பேசியில் வந்த எச்சரிக்கையாயினும், படித்துச் சொல்லும்படி லயத்தார் என்னிடம் கொண்டு வருவது வழக்கம். அப்படிப் படித்துப் படித்து எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயத்தையே இங்கு எழுதுகிறேன்.

கணக்குத் தொழிலில் ஒரு நீதி உண்டு. நம்பிக்கை என்பது சொல்வதனால் வருவதன்று. பார்க்க விடுவதனால் வருவது. இத்தோட்டத்தில் ரப்பர் மரம் நின்ற காலத்தில், பால் எடுத்து வருவோர் முன்னிலையிலேயே வாளியை நிறுப்பார்கள். பாலில் சிறிது எடுத்து நீர் கலந்து, மெட்ரோலாக் என்னும் மிதவைக் கோலை அதில் விடுவார்கள். கோல் எந்தக் கோட்டில் நிற்கிறதோ, அதைக் கொண்டே பாலில் உள்ள ரப்பரின் அளவு கணிக்கப்படும். எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவும் எட்டிப் பார்த்து, "ஐயா, கோல் இன்னும் ஆடுகிறதே, நிற்கட்டும்" என்று சொல்லலாம். கிராணிக்குக் கோபம் வரலாம்; ஆனால் கோலை மறைக்க முடியாது. அந்த ஆயாவுக்கு இருந்த உரிமை, இன்று விலையுயர்ந்த கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்திருக்கும் நமக்கு இருக்கிறதா?

சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். நீரிழிவு உள்ள என் அத்தையை ஒரு வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். அவருக்கு உடல் நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, "கண் இருட்டுகிறதடா" என்றார். விரலிற் குத்தி இரத்தம் எடுத்துச் சோதித்த ஊழியர், கருவியைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் அதிகந்தான், பயப்பட ஒன்றுமில்லை, யந்திரம் சரியாகத்தான் காட்டுகிறது" என்று போய்விட்டார். சற்று நேரத்தில் வந்த மூத்த தாதி ஒருவர், அத்தையின் முகத்தைப் பார்த்தார், கருவியைப் பார்க்கவில்லை. "என்ன சாப்பிட்டீர்கள் அம்மா?" என்றார். வரும் வழியில் பேரனுக்கு மாம்பழம் உரித்துக் கொடுத்ததாக அத்தை சொன்னார். தாதி அவ்விரலைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்து மறுபடி குத்தினார். சர்க்கரை அபாயகரமாக இறங்கியிருந்தது! விரலில் ஒட்டியிருந்த பழச்சாற்றையே கருவி முதலில் அளந்திருக்கிறது. உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள், அத்தை பிழைத்தார். கருவி பொய் சொல்லவில்லை. தன்மேல் பட்டதை அளந்து சொன்னது. பொய்யானது, "யந்திரம் சொல்லிவிட்டது, நீ பேசாதே" என்ற அந்த மனப்பான்மையே.

நிற்க. இது ஒரு துளி இரத்தத்தின் கதை. இதே மனப்பான்மை பெரிய யந்திரத்தின்முன் நின்றபோது உயிர்களே போயின. கனடா நாட்டு அணுசக்தி நிறுவனம் செய்த தெராக்-25 என்னும் யந்திரம், புற்று நோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை செய்வது. அதற்கு முந்திய யந்திரங்களில், அளவு மிஞ்சினால் கதிரைத் தானே தடுக்கும் இரும்பும் கம்பியுமான காவல்கள் இருந்தன. தெராக்-25இல் அக்காவல்களிற் பலவற்றை நீக்கி, கணினிக்கு எழுதிய கட்டளைகளிடமே காவலை ஒப்படைத்தார்கள். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேர் அளவுக்கு மீறிய கதிரால் தாக்குண்டனர். குறைந்தது மூவர் அதனால் மாண்டனர்.

1986 மார்ச்சில் டெக்சாஸ் மாகாணத்து டைலர் நகரில் நடந்தது யாதெனில்: யந்திரத்தை இயக்கியவர் ஓர் எழுத்தை மாற்றித் தட்டிவிட்டு, உடனே திருத்தினார். திருத்தம் எட்டு விநாடிக்குள் முடிந்துவிட்டால், திரையில் எழுத்து மாறும். உள்ளே யந்திரம் முழுவதும் மாறாது. இப்பிழை எவருக்கும் தெரியாது. திரையில் "54-ஆம் கோளாறு" என்று மட்டும் தோன்றியது. அஃது இன்னதென்று விளங்க வைக்கும் விளக்கம் இயக்குவோர் கையில் இல்லை. இத்தகைய எண்கள் அடிக்கடி தோன்றி மறைவதைக் கண்டு பழகியவராதலின், அவர் மீண்டும் விசையை அழுத்தினார். 180 ராட் பெறவேண்டிய நோயாளியின் உடலில் 16,500 முதல் 25,000 ராட் வரை பாய்ந்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள். ஐந்து மாதத்தில் அவர் இறந்தார். யந்திரம் செய்தோர் வந்து சோதித்து, அளவு மிஞ்சுவது இயலாத காரியம் என்றார்கள். ஏப்ரல் 7-ஆம் தேதி யந்திரம் மறுபடி ஓடிற்று. நான்கே நாளில் இன்னொருவர் தாக்குண்டார், அவரும் இறந்தார். அப்பால், அவ்வைத்தியசாலைப் பௌதிகர் ஃபிரிட்ஸ் ஹேகர் என்பவர், யந்திரத்தை இயக்கியவரோடு அமர்ந்து, தட்டியதையே திரும்பத் திரும்பத் தட்டச்செய்து பிழையைப் பிடித்தார். நோயாளிகள் முன்பே "சுட்டுவிட்டது" என்று கூவியிருந்தார்கள். பெட்டியை நம்பியவர்களுக்கு அக்கூவல் காதில் ஏறவில்லை.

இனி, குற்றம் யாருடையது என்பது கேள்வி. 2000-ஆம் ஆண்டிலும் 2001-ஆம் ஆண்டிலும் பனாமா தேசத்துப் புற்றுநோய் நிலையத்தில் 28 நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர் செலுத்தப்பட்டது. உடலின் பகுதிகளை மறைக்கும் தடுப்புகளின் வடிவத்தை ஊழியர் ஒரு புது முறையில் வரைந்து கணினிக்குக் கொடுத்தனர். அது யாதோர் எச்சரிக்கையுமின்றி அதை ஏற்று, சிகிச்சை நேரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாகக் கணக்கிட்டுக் கொடுத்தது. நிலையத்துப் பௌதிகர் மீது வழக்கு நடந்து, 2004-இல் இருவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. கணினி தந்த எண்ணைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்காதது அவர்கள் குற்றமே, மறுப்பதற்கில்லை. ஆனால், தப்பான வரைபடத்தை விழுங்கி, தப்பான எண்ணைக் கூசாமல் கக்கிய கட்டளைகளை எழுதியவர்க்குப் பொறுப்பு இல்லையா? வைத்தியர் தவறினால் அவர் பெயர் தெரியும்; கேள்வி கேட்கலாம். பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் தவற்றுக்குப் பெயரும் முகமும் இல்லை. எனவே, கண்ணுக்குத் தெரிபவர் தலையிலேயே பழி முழுவதும் விழுகிறது.

கணினிக்கு மனிதர் எழுதும் இக்கட்டளைகளையே மூலநிரல் என்பர். பெரும்பாலான கம்பெனிகள் அதைத் தொழில் இரகசியம் என்று பூட்டி வைக்கின்றன. அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், வாங்கியவன் தன் பொருளின் மூலநிரலைப் படிக்கவும், திருத்தவும், பிறர்க்குக் கொடுக்கவும் உரிமையுடையவன் என்று 1983-ஆம் ஆண்டில் ஓர் இயக்கம் தொடங்கினார். பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸைத் திறந்து வைத்தார். இன்று நம்மவர் பலர் கையிலுள்ள ஆண்டிராய்டு கைப்பேசியின் அடித்தளம் அதுவே. எனினும், அத்தளத்தின்மேல் கம்பெனிகள் கட்டிய வீடுகளின் கதவுகள் பூட்டியே இருக்கின்றன. ஆப்பிள் கம்பெனி, மின்கலம் தேய்ந்த பழைய கைப்பேசிகளின் வேகத்தைத் தானே குறைத்து வந்ததை 2017 டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டது. அதற்குள் எத்தனை பேர், "பழசாகிவிட்டது" என்றெண்ணிப் புதியது வாங்கினார்களோ!

கைப்பேசி போனால் பணம் போகும். இருதயத்துள் வைக்கும் கருவி தவறினால் என்ன போகும்? காரென் சாண்ட்லர் என்னும் அமெரிக்க வழக்கறிஞர், தம் இருதயக் கோளாற்றுக்காகக் கருவி பொருத்த நேர்ந்தபோது, அதன் மூலநிரலைப் பார்க்கலாமா என்று கேட்டார். இசைவு கிடைக்கவில்லை. தன் நெஞ்சுக்குள் துடிப்பதைத் தான் அறியக்கூடாது என்பது என்ன நியாயம்? மற்றொருவர், நீரிழிவு நோயாளியான டானா லூயிஸ். தம் கருவியின் எச்சரிக்கை மணி உறக்கத்தில் எழுப்பப் போதாமையால், அக்கருவியின் எண்களை வெளியே எடுத்து மணியை உரக்க ஒலிக்கச் செய்தார். பின்னர் நண்பர்களோடு சேர்ந்து, இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடொன்றை அமைத்து, 2015-இல் அதன் விவரத்தை எல்லாரும் பார்க்கத் திறந்து வைத்தார். நீரிழிவு வீட்டுக்கு வீடு புகுந்திருக்கும் நம் சமூகத்துக்கு இது சிறிய செய்தியன்று.

திறந்து வைத்தால் மட்டும் தீருமா என்று சிலர் கேட்கலாம். தீராது. இணையத்தில் இரகசியம் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருள் எவரும் படிக்கக் கூடியதாகவே இருந்தது. ஆயினும், அதிலிருந்த ஹார்ட்பிளீட் என்னும் ஓட்டை சுமார் இரண்டு ஆண்டு பலர் கண்ணிற்படாமல் கிடந்து, 2014 ஏப்ரலில்தான் வெளிப்பட்டது. மேசை மேல் விரித்து வைத்த கணக்குப் புத்தகமும், தணிக்கையாளர் வராவிட்டால் பிழையோடேதான் கிடக்கும். ஆனால், பூட்டிய புத்தகத்துக்குத் தணிக்கையாளர் வந்தும் பயனில்லை. ஆகவே திறப்பும் வேண்டும். பார்க்கும் கண்ணும் வேண்டும். உயிர் காக்கும் கருவிகளின் மூலநிரல், குறைந்தபட்சம் கம்பெனியைச் சாராத நிபுணர் பார்க்கத் திறந்திருக்க வேண்டுமென்று அரசாங்கங்கள் விதிப்பதே முறை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

தோழர்களே, சட்டம் வரும் வரையில் நாம் செய்யக்கூடியவையும் உண்டு. வைத்தியசாலைக்குப் போகும்போது, உட்கொள்ளும் மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சோதனை முடிவின் பிரதியைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். எண் என்னவென்று கேளுங்கள். அது கூடுதலா குறைவா என்றும் கேளுங்கள். படித்தவர் முன் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணிக் கூசி நில்லாதீர்கள். நல்ல வைத்தியர் கேள்விக்குச் சினம் கொள்ளார். யந்திரம் ஒன்று கூற உங்கள் உடல் வேறொன்று கூறினால், "இன்னொரு முறை சோதித்துப் பாருங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள். அதற்கு ஆங்கிலம் வேண்டியதில்லை.