கான்சாஸ் சிட்டி, கொல்லைப்புறம், 2020

மார்ச் 24
கொரோனாத் தொற்றால் கான்சாஸ் சிட்டியில் இன்றிலிருந்து அவசியமின்றி யாரும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. கணவர் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவர், பள்ளி மூடியாயிற்று. மனைவி செவிலியர், அவருக்கு விடுப்பு கிடையாது. வேலை முடிந்து வந்ததும் கார் கொட்டகைக்கு மேலுள்ள அறையில் தனியாகத் தங்கிக்கொள்கிறார். சாப்பாட்டை மாடிப்படியில் வைத்துவிட்டு இவர் விலகி நிற்க வேண்டும்.

மார்ச் 31
தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே திரும்பியது. போனில் இவர் காய்ச்சல் உண்டா, முகக்கவசம் போதுமா, இன்று எத்தனை நோயாளிகள் என்று கேட்டுக்கொண்டே போனார். "தூங்கணும்" என்று மனைவி வைத்துவிட்டார்.

ஏப்ரல் 4
என்னதான் வேண்டும் என்று கேட்டதற்கு, ரிப்ஸ், அதாவது பன்றி விலாக்கறி, என்றார் மனைவி. கடையில் வாங்கியது வேண்டாம், வீட்டில் சுட்டதுதான் வேண்டுமாம்.

வீட்டில் இருப்பது வெபர் உருண்டை அடுப்பு. 1952இல் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தான் வேலை பார்த்த பட்டறையில் செய்த கடல் மிதவையை இரண்டாக வெட்டி உருவாக்கிய வடிவம் அது. கரியை ஒரு பக்கமாகக் குவித்து, மறுபக்கம் தண்ணீர்த் தட்டை வைத்து, அதற்கு மேலே கறியை வைத்தால் தீ நேராகப் படாது.

விலாக்கறியின் உள்பக்கம் பளபளவென்று ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அதை எடுக்காவிட்டால் மசாலா உள்ளே இறங்காது, பல்லுக்கும் ரப்பராக இழுக்கும். ஓர் எலும்பின் மேல் கத்தி முனையை நுழைத்துச் சவ்வைக் கிளப்பினார். விரலில் வழுக்கியது. காகிதத் துண்டால் பிடித்து இழுத்ததும், சர்ரென்று ஒரே பட்டையாக வந்துவிட்டது. உப்பு, பழுப்புச் சர்க்கரை, மிளகு, பாப்ரிகா தடவி, கரியின் மேல் ஹிக்கரிக் கட்டை இரண்டைப் போட்டு மூடினார்.

மனைவி சாப்பிட்டார். ருசி சரி, கொஞ்சம் இழுக்கிறது என்றார்.

ஏப்ரல் 5
நேற்றைய கறியில் தெரிந்த சதையோரத்து இளஞ்சிவப்பு வளையம் வேகாத அடையாளமல்ல. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு சதையின் மயோகுளோபினோடு சேர்ந்து அந்த நிறத்தைப் பிடித்து வைக்கிறது.

ஏப்ரல் 12
ஈஸ்டர். தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரில் பெரிய பன்றி இறைச்சி ஆலை ஒன்றைக் காலவரையறையின்றி மூடுகிறார்கள். அங்கே தொழிலாளர் நூற்றுக்கணக்கில் தொற்றில் விழுந்திருக்கிறார்கள். தோளோடு தோள் உரச நின்று வெட்டுகிற வேலை. செய்தியெல்லாம் இறைச்சி கிடைக்குமா என்பதைப் பற்றியே இருந்தது. வெட்டுகிறவர்களைப் பற்றி அல்லவா முதலில் பேச வேண்டும்? இவருக்குக் கோபம் இரவுவரை தணியவில்லை.

ஏப்ரல் 18
வேலிக்கு அந்தப் பக்கம் எழுபதைக் கடந்த கறுப்பினப் பெரியவர். புகை வாசனை பிடித்து வந்து, ஆறடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பேச்சு ஹென்றி பெர்ரியிடம் போனது. டென்னசியிலிருந்து வந்த கறுப்பினத்தவரான பெர்ரி, 1908 வாக்கில் இந்த ஊர்ச் சந்தொன்றில் புகையிட்ட கறியைச் செய்தித்தாளில் மடித்து விற்றார். ஊரின் பார்பெக்யூ புகழ் அங்கே தொடங்கியது. வரலாற்று ஆசிரியராகிய இவர் அதை வகுப்பில் நடத்தியதே இல்லை. வரும் ஆண்டுப் பாடத்துக்குக் குறித்துக்கொண்டார்.

வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

"கடிகாரத்தைப் பார்க்காதே. இடுக்கியால் நடுவில் பிடித்துத் தூக்கு. இரண்டு பக்கமும் தொங்கி, மேலே விரிசல் விட்டால் ஆயிற்று."

எலும்பிலிருந்து தானாகக் கழன்று விழுவதைப் பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. போட்டி நடுவர்களுக்கும் அது அளவுக்கு மீறி வெந்த கறிதான். கடித்த இடத்தில் பல் தடம் நிற்க வேண்டும். 63 டிகிரி செல்சியஸிலேயே பன்றிக்கறி உண்ணத் தக்கதாகிவிடும், ஆனால் விலாவில் கொலாஜன் அதிகம். அது கரைந்து ஜெலட்டினாகி, கறி 90ஐத் தாண்டும்போதுதான் மெத்தென்று வரும். அதனால்தான் அடுப்பை 110, 120 டிகிரியில் வைத்து ஐந்தாறு மணி நேரம்.

ஏப்ரல் 28
இறைச்சி ஆலைகள் இயங்க வேண்டும் என்று அதிபரின் ஆணை.

மே 2
காலையிலேயே கரி பற்றவைத்தார். மூன்று மணி நேரம் புகை, பிறகு அலுமினியத் தாளில் சுற்றி இரண்டு மணி, பிரித்து ஒரு மணி என்பது பலர் சொல்லும் கணக்கு. தாளுக்குள் இரண்டு மணி நேரம் அதிகம் என்பது இவர் கட்சி, ஒன்றே போதும். தக்காளிச் சாஸைக் கடைசி அரைமணியில்தான் பூச வேண்டும், முன்னால் பூசினால் சர்க்கரை கருகும். மூடியைத் திறக்கத் திறக்கச் சூடு இறங்கும், ஆகவே கை வைக்காமல் அடுப்பருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

மாலையில் மனைவி படியின் உச்சியில் வந்து உட்கார்ந்தார். இவர் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, செயற்கைச் சுவாசக் குழாய் எடுக்கப்பட்டதும் முதல் வார்த்தையாகத் தன் நாயை விசாரித்த ஒரு நோயாளியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கரி அவிந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. தட்டில் எலும்புதான் மிஞ்சியது.

மே 9
மனைவிக்கு இருமல். பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. கடையில் இறைச்சிக்கு வரம்பு வைத்துவிட்டார்கள். விலாக்கறி ஒரு பொட்டலம் கிடைத்தது, உறைபெட்டியில் இருக்கிறது.